அம்பு ஒட்டிய பாதங்கள்

“செக்கிங் டேபிளுக்குப் பதினெட்டு ஸ்டூல் வேணுங்க சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் ரைசாவுக்குத் தன் குரலே காதில் விழுந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாசகம். ஒத்திகையில் இடி மாதிரி இறங்கியது, முதலாளியின் கண்ணாடி அறைக்குள் பூனைக்குட்டி பால் கேட்ட மாதிரி வந்து விழுந்தது. போதாததற்குக் கையில் டீ டம்ளர் வேறு. புரட்சி செய்ய வந்தவள் டீயையாவது வெளியே வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் அம்மா நூர்ஜான் சொல்லியிருந்தாள். நூர்ஜான் இதே பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பார்ப்பவள். தைத்து வரும் பனியனை மேசைமேல் விரித்து, ஓட்டையோ, விட்டுப்போன தையலோ, எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, நின்றபடி.

“லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, பெருநாளுக்கு ரெண்டு நாள் சேத்திக்கூடக் கேளு. உக்கார எடம் மட்டும் கேட்டறாத. கேட்டா ஒடம்புல தெம்பில்லைன்னு அர்த்தம். மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிருவாங்க” என்றாள் நூர்ஜான்.

அம்மா சொன்னதைக் கேட்டு நடக்க ரைசா என்ன சாதாரணப் பெண்ணா? முதல் தலைமுறைப் பட்டதாரி. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது, லேமினேஷன் செய்து வைத்திருக்கிறாள். பி.காம். படித்த மூன்று வருடமும் பேச்சுப் போட்டிகளில் பெண்ணுரிமை முழங்கி இரண்டு டிபன் பாக்ஸும் ஒரு எவர்சில்வர் குடமும் ஜெயித்தவள். அவ்வளவு கோபமும் இப்போது எச்.ஆர். அசிஸ்டென்ட் என்ற பெயரில் ஏசி அறையில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பது நன்றாகத் தெரியும். தெரியாமல் இருக்க ரைசா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வாள். அந்த வசதிக்குத்தான் சுழல் நாற்காலி.

முதலாளி தரணீதரன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. “மொதல்ல உக்காரு கண்ணு. டீயக் குடி” என்றார்.

உட்கார இடம் கேட்டு வந்தவளை உட்காரச் சொன்னால் என்ன செய்வதென்று ஒத்திகையில் யோசிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

“நின்னு பாத்தாத்தான் கண்ணு பீஸ்ல குத்தம் தெரியும். உக்காந்தாத் தூக்கம் வந்துரும்.”

“சட்டத்துலயே இருக்குதுங்க சார், நின்னு வேலை செய்யறவங்களுக்கு…”

“சட்டத்துல எத்தனையோ இருக்குது சாமி” என்று சிரித்தார். “சரி, கேட்டுப்போட்ட. வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். பத்தாந்தேதி பையர் கம்பெனியில இருந்து ஒரு மேடம் வர்றாங்க. பொம்பளைங்க கஷ்டம், தைரியம் இதையெல்லாம் நம்ம லேடீஸே படமாப் பண்ணி சாம்பிள் ரூம் செவுத்துல மாட்டோணும்னு பாப்பா ஆசைப்படுது. நீ படிச்ச புள்ள. ஒரு படம் பண்ணு. வந்தவங்க மெச்சீட்டாங்கன்னு வையி, ஸ்டூலப் பத்திப் பேசுவோம்.”

பையர் என்றால் இங்கே தைக்கிற அத்தனை பனியனையும் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் கம்பெனியில் கழிப்பறைகூட மணக்கும். சரி, பதினெட்டு ஸ்டூலுக்கு ஒரு படம். ரைசா ஒப்புக்கொண்டாள். அவள் கடைசியாகப் படம் வரைந்தது ஐந்தாம் வகுப்பில். இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன்.

பாப்பா என்பது முதலாளியின் மகள் தேஜஸ்ரீ. டிசைன் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள். நல்ல பெண். அதுதான் ரைசாவுக்கு எரிச்சல்.

“மிக்ஸ்டு மீடியான்னா பயப்படாதீங்க அக்கா. பேப்பர்தான் பேஸ். அது மேல நூலு, துணி, டேக், ஸ்டிக்கர், உங்க லைஃப்ல என்ன இருக்குதோ அத ஒட்டுங்க. உங்களோட பெயின் வெளிய வரோணும்” என்றாள் தேஜஸ்ரீ.

என் பெயின் உங்கப்பா ரூமுக்கு வெளியில் பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. “சரிங்க” என்று மட்டும் வந்தது.

கட்டிங் பிரிவில் துணி அடுக்கின் மேல் விரித்து வெட்டுகிற மார்க்கர் பேப்பர், வெட்டி முடிந்ததும் குப்பைக்குப் போகும். முன்பக்கம், முதுகு, கை என்று பனியனின் உடம்பெல்லாம் கோடு போட்டு அச்சாகியிருக்கும். அதில் ஒரு பெரிய சுருளை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க விரித்தாள். மைதாப் பசை காய்ச்சினாள். வலி வெளியே வரக் காத்திருந்தாள்.

முதலில் வந்தது பத்துக் கையுள்ள ஒரு பெண். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கத்தரிக்கோல்.

“கை இத்தனை இருக்கே, ஒவ்வொண்ணுக்கும் ஓவர்டைம் தருவாங்களா?” என்றாள் நூர்ஜான்.

அதைக் கிழித்துவிட்டு, ஜரிகைத் தாளில் சங்கிலி செய்து அதை உடைக்கிற பெண்ணை ஒட்டினாள். “நெத்திச்சுட்டி எடுப்பா இருக்கு” என்றாள் நூர்ஜான். மூன்றாவதாக விலை டேக்குகளை அடுக்கி இரண்டு இறக்கைகள். அத்தா நஜீமுதீன் சாப்பிட வந்தவர் குனிந்து பார்த்து, “கோழியாம்மா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

அத்தாவுக்குக் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் வியாபாரம். கம்பெனிகள் கழித்துக் கட்டுகிற பனியன்களை மொத்தமாக எடுத்து, அம்பு ஸ்டிக்கர்களைப் பிய்த்துப்போட்டு, மடித்து அடுக்கி விற்பார். வீட்டில் குற்றம் கண்டுபிடிக்க ஒருவர், அதை மறைத்து விற்க ஒருவர். சும்மா கோபப்பட மட்டும் ஒரு பட்டதாரி.

மத்தியானம் நூர்ஜான் சேலையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு காலுக்குத் தைலம் தேய்த்தாள். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் புழுக்கள் மாதிரி புடைத்திருந்தன. அடுப்பில் சோறு பொங்கவே, தைலக் காலோடு எழுந்து நான்காவது பேப்பரின் மேல் நடந்துபோனாள்.

“ம்மா! கண்ணு தெரியலையா? படத்த மிதிச்சுட்டுப் போற!”

“ஊடு பூராப் பேப்பரப் போட்டு வெச்சா பறந்தா போறது? உன் பொம்பளைக்குத்தான் ரெக்க வெச்சிருக்கியே, அவள அனுப்பி அடுப்ப அணைக்கச் சொல்லு.”

ரைசா பேப்பரை உதறித் தூக்கினாள். திட்டுவதற்கு அடுத்த வார்த்தையும் தயாராக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பேப்பரின் பின்னால் விழுந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி ஊடுருவி ஒரு பாதமாகத் தெரிந்தது. விரல்கள் அகன்றிருந்தன. குதிகால் பரந்திருந்தது. உள்ளங்காலில் வளைவே இல்லை. தரையோடு தரையாக அழுந்தி அழுந்தி, வளைவு இருக்க வேண்டிய இடமும் பட்டையாகப் பதிந்திருந்தது. அதைச் சுற்றிப் பனியன் முதுகின் கோடு. உள்ளே ‘எல்’ என்று அளவு.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் செக்கிங் மேசைக்குப் பின்னால் பேப்பரை நீளமாக விரித்துத் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்தாள். பதினெட்டுப் பெண்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொங்கலூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற பெரியாத்தாள்தான் முதலில் செருப்பைக் கழற்றினாள்.

“என்ற கல்யாணத்துல கூட ஒருத்தரும் இப்படிக் காலப் புடிச்சு எண்ண தேச்சதில்ல கண்ணு” என்றாள்.

“தேச்சிருந்தா வழுக்கிட்டு ஓடியிருப்பியே, அந்தப் பயம்தான் அவருக்கு” என்றாள் பக்கத்தில் நின்ற பழனாத்தாள்.

பதினெட்டு ஜோடிப் பாதங்கள் பதிந்தன. தையல் சாக்பீஸால் ரைசா ஒவ்வொன்றையும் சுற்றி வரைந்தாள். பிறகு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை நடுவில் வைத்து, “எங்கெங்க வலிக்குதோ அங்க ஒட்டுங்க” என்றாள்.

கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பழனாத்தாள் தன் குதிகாலில் ஒன்று ஒட்டினாள். அப்புறம் பெருவிரலில் ஒன்று.

“மொழங்காலு பேப்பர்ல இல்லியே, எங்க ஒட்டறது?” என்று கேட்டாள்.

“மொழங்கால் எங்க இருக்குமோ அங்க ஒட்டுங்க அக்கா.”

பாதத்துக்கு மேலே வெறும் தாளில் முழங்கால் இருக்கும் உயரத்தை உத்தேசமாகப் பார்த்து ஒட்டினாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் கை வந்துவிட்டது. குற்றம் கண்ட இடத்தில் யோசிக்காமல் ஒட்டிப் பழகிய கைகள். கெண்டைக்கால், இடுப்பு, நடுமுதுகு, தோள்பட்டை என்று அம்புகள் மேலே மேலே ஏறின. பெரியாத்தாள் இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

“ஏங் கண்ணு, இங்க கர்ப்பப்பை இருந்துச்சு. எடுத்தாச்சு. எடுத்ததுக்கும் ஒட்டலாமா?”

“ஒட்டுங்க” என்றாள் ரைசா.

இடைவேளை முடிகிற மணி அடித்து அவர்கள் மேசைக்குப் போன பிறகு தள்ளி நின்று பார்த்தாள். உடம்புக்கென்று ஒரு கோடுகூட வரையாமல் அம்புகளே உடம்புகளாகி, எண்ணெய்ப் பாதங்களின் மேல் பதினெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு டிபன் பாக்ஸுக்கும் ஒரு குடத்துக்கும் பேசிய பேச்சில் இப்படி ஒரு வரி வந்ததில்லை.

அடியில் தரை வேண்டுமே? போன வருட லீவு லெட்டர்கள் கிழிக்கக் கட்டி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. இவர்கள் எழுதிய கடிதங்கள்தானே இவர்களின் குரல் என்று கட்டைப் பிரித்தாள். எல்லாக் கடிதத்திலும் ஒரே கையெழுத்து. எட்டாம் வகுப்பில் பரிசு வாங்கிய அவளுடைய அதே குண்டுக் கையெழுத்து. லெட்டர் எழுதித் தரச் சொல்லி எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். “கால்வலின்னு போட்டா கேள்வி வரும்க்கா, காய்ச்சல்னு போடலாம்” என்று அவளேதான் போட்டுத் தருவாள். காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். பெரியாத்தாளுக்குக் கர்ப்பப்பை எடுத்த எட்டு நாளும் காய்ச்சல். பெண்ணுரிமைப் பேச்சாளர் போன வருடம் மட்டும் இருநூற்றுப் பத்துத் தடவை காய்ச்சல் வரவழைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கிழித்துப் பாதங்களுக்கு அடியில் ஒட்டினாள். பசை காயட்டும் என்று ஒன்பதாம் தேதி மாலை படத்தைச் செக்கிங் மேசைமேல் விரித்து, மேலே பனியன் கட்டுகளைப் பாரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்தபோது படம் சாம்பிள் ரூம் சுவரில் தொங்கியது. அம்புகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. பழுப்புத் தாளில் கடிதத் துண்டுகளின் மேல் பதினெட்டு ஜோடிப் பாதங்கள் மட்டும், துடைத்துவிட்ட மாதிரி.

செக்கிங் மேசைக்கு ஓடினாள். “யாரு ஸ்டிக்கரப் பிய்ச்சது?”

“நாங்கதான்” என்றாள் நூர்ஜான் பெருமையாக. “எட்டரைக்கெல்லாம் பதினெட்டுப் பேரும் சேந்து, ஒரு எடத்துலகூடப் பேப்பர் கிழியாம எடுத்துத்தான் மாட்ட அனுப்புனோம். பையர் வர்ற நாளு, நீ பிய்க்க மறந்துட்டன்னு நெனச்சேன். பத்தொன்பது வருஷத்துல ஸ்டிக்கரோட ஒரு பீஸ் பையர் கண்ணுல பட விட்டிருக்கேனா நானு?”

“அதாம்மா படமே!”

“எது?”

“நீங்க ஒட்டுனதுதான்!”

“ஒட்டறதே பிய்க்கறதுக்குத்தானே?” என்றாள் நூர்ஜான். பழனாத்தாளும் ஆமென்று தலையாட்டினாள். பெரியாத்தாள் மட்டும், “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்டிருப்பமே கண்ணு” என்றாள்.

சொல்லவில்லைதான். எல்லோருடைய வலியையும் கேட்டு வாங்கியவள், அதை எங்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லவில்லை. கலைஞர்கள் அப்படித்தான் போலும்.

பிய்த்த ஸ்டிக்கரை மேசை விளிம்பில் ஒட்டி வைப்பது செக்கிங்காரர்களின் வழக்கம். விளிம்பு முழுக்கச் சிவப்பு. ரைசா அவசரமாகக் கை கொண்டமட்டும் எடுத்துக்கொண்டு சாம்பிள் ரூமுக்கு ஓடிப் படத்தில் ஒட்டிப் பார்த்தாள். பசை செத்திருந்தது. ஒவ்வொன்றாகக் கீழே உதிர்ந்தன. புதுச் சுருளை எடுத்து அவளே ஒட்டலாம். எது யாருடைய வலி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தோராயமாக ஒட்டினால் மறுபடி எல்லாருக்கும் காய்ச்சல் வரவழைப்பதுதான்.

அதற்குள் தரணீதரன் வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அட! கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் வெச்சாப்ல இருக்குது!” என்று பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேஜஸ்ரீ அடியில் ஓர் அட்டை மாட்டினாள். ‘முன்னேறும் பாதங்கள்’ என்று அச்சிட்டிருந்தது.

மேடம் பதினொரு மணிக்கு வந்தார். உயரமான, களைத்த, கனிவான பெண்மணி. படத்தின் முன் நின்றார். தேஜஸ்ரீ ஆங்கிலத்தில் விளக்கினாள்: நம் பெண்கள் முன்னேறி நடக்கிறார்கள், இது அவர்களின் பயணம்.

கல்லூரியில் ஆங்கிலத் தாளை இரண்டு முறை எழுதித் தேறியவள் ரைசா. “தே ஆர் நாட் வாக்கிங், மேடம்” என்றாள். “தே ஆர் ஸ்டாண்டிங். ஆல் டே.”

இலக்கணம் சரியாக வந்துவிட்டது. தரணீதரனின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே உறைந்தது. இடி விழப்போகிறது என்று ரைசா காத்திருந்தாள்.

மேடம் நெஞ்சில் கை வைத்தார். “ஓ! ஸ்டாண்டிங் டுகெதர்! பியூட்டிஃபுல்!” என்று போனில் படம் பிடித்துக்கொண்டார். ரைசாவையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒன்று எடுத்தார். பிறகு அடுத்த சுவரில் இருந்த தேஜஸ்ரீயின் காகிதத் தாமரைக்கு நகர்ந்தார். அந்தப் போட்டோவில் ரைசா சிரித்துக்கொண்டிருக்கிறாள். கேமராவைப் பார்த்தால் தானாக வந்துவிடுகிறது, என்ன செய்வது.

மத்தியானம் தன் நாற்காலியில் வந்து விழுந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூர்ஜான் ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றுவது தெரிந்தது. இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பவில்லை. உள்ளங்கையில் ஒரே ஒரு அம்பு மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தையில் நட்டநடுவே அதை அழுத்தி ஒட்டினாள். அதற்கப்புறம் உட்காரவில்லை.

நான்கு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். ரைசா நாற்காலியையும் உருட்டிக்கொண்டே போனாள். தேஜஸ்ரீ அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“வா கண்ணு. மேடம் படத்தை அத்தனை மெச்சீட்டுப் போனாங்க” என்றார் தரணீதரன். “கண்ணாடி போட்டு ரிசப்ஷன்லயே மாட்டறோம். உன்னைய வெல்ஃபேர் ஆபீசராப் போட்றலாம்னு பாப்பா சொல்லுது. தனி ரூமு.”

“ஸ்டூலுங்க சார்?”

“என்ன கண்ணு நீ, வெவரம் புரியாம. அவங்க நிக்கறதப் பாத்துத்தானே மேடமே மெய்மறந்து போட்டோ எடுத்துட்டுப் போச்சு? நீதானே எடுத்துச் சொன்ன? இப்பப் போயி உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?”

ரைசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செக்கிங் பெண்கள் இனி எந்தக் காலத்திலும் உட்காராமல் இருக்க உலகத்திலேயே முதன்முதலாக ஒரு கலைப்படைப்பு. அதைப் பண்ணியவள் அவள். இதற்கு எவர்சில்வர் குடம் பத்தாது.

“உனக்கு வேணும்னா முதுகுக்கு மெத்தை வெச்ச நல்ல நாற்காலியா எடுத்துத் தரச் சொல்றேன்” என்றவர், அப்போதுதான் அவள் கையில் இருந்ததைக் கவனித்தார். “அதென்ன, இத இங்க உருட்டீட்டு வந்திருக்கற?”

“செக்கிங்குக்குக் கொண்டு போறேனுங்க சார். படத்த நீங்க வெச்சுக்கங்க.”

“அக்கா, பதினெட்டுப் பேருக்கு ஒரு சேரா?” என்றாள் தேஜஸ்ரீ.

“எட்டு மணி நேரத்தப் பதினெட்டாப் பிரிச்சா ஆளுக்கு இருபத்தாறு நிமிஷம் வருதுங்க. பி.காம். படிச்சதுக்கு இதாவது வரோணுமல்ல?”

தரணீதரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இன்னும் மென்மையானது. “அந்த நாற்காலி அங்க போச்சுன்னா, நாளைக்கு இங்க உனக்கு உக்கார எடம் இருக்காது சாமி.”

“நின்னுக்கறேனுங்க சார்.”

இம்முறை பூனைக்குட்டிக் குரல் வரவில்லை. பெரிதாக ஒன்றும் வரவில்லை, தொண்டை வறண்டிருந்தது. கையில் டீ இல்லாதது ஒரு வகையில் குறைதான்.

கொண்டுபோனாலும் ஒருத்தியும் உட்கார மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குப் பனியன் கட்டை அதன் மேல் அடுக்குவார்கள். நாளைக்கும் அடுக்குவார்கள். அம்மா எல்லோர் முன்னாலும் திட்டுவாள், வீட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து திட்டுவாள். எந்த நாளில் பெரியாத்தாளோ பழனாத்தாளோ யாரும் பார்க்காதபோது சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்களோ, அதுவரைக்கும் அந்த நாற்காலி அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய புரட்சி.

கதவை முதுகால் தள்ளித் திறந்தாள். நாற்காலியின் ஒரு சக்கரம் கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி கிறீச்சிட்டது. செக்கிங் மேசையில் பதினெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. கையில் பனியனும் விரல் நுனியில் புது அம்புமாக நூர்ஜான் கண்ணை அகல விரித்து நின்றாள். ரைசா சிவப்பு அம்பு ஒட்டிய நாற்காலியை அவளை நோக்கி உருட்டிக்கொண்டு நடந்தாள்.